பால், சீஸ் எதுவும் சேர்க்காமல், கோடைக் காய்கறிகளை வைத்து என்ன மெக்சிகன் உணவு சமைக்கலாம்?

கலபசீத்தாஸ் செய்யுங்கள். பிஞ்சு சுக்கினி (பூசணி இனத்துக் காய்), மக்காச்சோளம், தக்காளி, மிளகாய் நான்கையும் வதக்கிச் செய்வது. மெக்சிகோவில் சாதாரண வீட்டுச் சமையல். பலர் கடைசியில் சீஸ் சேர்ப்பார்கள். அதை விட்டுவிட்டால் விலங்குப் பொருள் எதுவும் இல்லாத முழு வீகன் உணவு.

சீஸ் இல்லாவிட்டால் ருசி குறையுமோ என்ற தயக்கமே வேண்டாம். பால் மாடு அந்த மண்ணுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில், ஸ்பானியர்களோடுதான். பூசணி இனமோ அங்கேயே பிறந்தது. ஓஹாகா மாநிலத்துக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளுக்கு ஏறக்குறைய 10,000 வயது. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து விதைப்பதை மில்பா என்பார்கள். பீன்ஸ் கொடி சோளத்தட்டையைப் பற்றி ஏறும், மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும்.

சரி, அடுப்புக்கு வருவோம். நான்கு பேருக்கு அரைக் கிலோ சுக்கினி, 2 மக்காச்சோளக் கதிர், 2 தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், 3 பல் பூண்டு, 2 பொப்லானோ மிளகாய். பொப்லானோ கிடைக்காவிட்டால் ஒரு பச்சைக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டு, காரத்துக்கு ஒரு பச்சை மிளகாய் கீறிப் போடுங்கள். பொப்லானோவோ குடைமிளகாயோ, நேரடித் தீயில் தோல் கருகும்வரை சுட்டு, 10 நிமிடம் மூடி வைத்தால் தோல் சுலபமாக உரியும். தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள், சுட்ட மணம் போய்விடும்.

சுக்கினியில் பெரும்பகுதி தண்ணீர்தான். மெல்லிய தீயில் குவித்துப் போட்டால் வதங்காது, வெந்து குழைந்துவிடும். இரும்புக் கடாய் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, அரை அங்குலத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பி, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். உப்பு அப்புறம்தான்; முதலிலேயே போட்டால் நீர் விட்டுவிடும்.

அதே கடாயில் வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, சோள முத்துக்களையும் கீற்றாக நறுக்கிய மிளகாயையும் சேருங்கள். முத்துக்களைச் சீவி எடுத்ததும் கதிரை எறியாதீர்கள். கத்தியின் முதுகால் மேலிருந்து கீழாக அழுத்தி வழித்தால் வெள்ளையாகப் பால் இறங்கும். அதில் மாவுச்சத்து உண்டு, சூட்டில் கெட்டிப்பட்டுக் காய்கறிகளைப் பூசிக்கொள்ளும். அந்தக் கொழகொழப்புக்கு ஈடாக எந்த வீகன் சீஸையும் நான் சொல்லமாட்டேன். சுக்கினியைத் திரும்பப் போட்டு, உப்பு சேர்த்து, இரண்டு புரட்டில் இறக்குங்கள். மேலே வறுத்துப் பொடித்த பூசணி விதை, கொத்தமல்லித்தழை, எலுமிச்சைச் சாறு.

கூடச் சாப்பிட மக்காச்சோள டோர்ட்டியா, அதாவது மெல்லிய மெக்சிகன் ரொட்டி. சாதாரண மக்காச்சோள மாவில் தட்டினால் உதிரும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாசா மாவுதான் ஒட்டும். அது கிடைக்காத ஊரில் சோறே போதும், கூடவே வேகவைத்த ராஜ்மா பீன்ஸ். ஆனால் பீன்ஸை வீட்டிலேயே வேகவையுங்கள். மசித்து வதக்கிய மெக்சிகன் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். டப்பாவில் வாங்கினால் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள், ஓட்டலில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.