மண்டபம் திறந்தால் நாடகம் திரும்பிவிடுமா?

கேள்வி: கொரோனாவுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் நாடகங்கள் மீண்டும் மேடையேறுகின்றன, மகிழ்ச்சி. ஆனால் நாடகக்காரர்கள் பாடசாலைகளுக்கும் வந்து, நடிப்புக் களப்பயிற்சி என்று மாணவரின் நேரத்தை எடுப்பது தேவைதானா? தவறிப்போன பாடங்களை முடிப்பதல்லவா முதற்கடமை?
— ஒரு பெற்றோர், கொக்குவில்

பதில்: தவறிப்போன பாடங்களில் நாடகமும் அரங்கியலும் ஒன்று என்பதை மறந்துவிட்டீர்கள், உயர்தரப் பரீட்சைக்கு அதுவும் ஒரு பாடமே. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கைபேசித் திரையிலாவது ஓரளவு நடத்தினார்கள். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் வட்டமாக நின்று பழக வேண்டிய கலைக்கு அந்த வழியும் இருக்கவில்லை. தொற்றுத் தணியும் வேளையில் 2022இன் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் வந்து, பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன.

மேடையேற்றம் முதலில், பயிற்சி பிறகு என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. இந்த ஊரில் வரிசை வேறு. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் முன்னின்று 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கியபோது, நடிகர்களைப் பயிற்றாமல் நல்ல நாடகம் இல்லை என்ற எண்ணமே அதற்கு அடிப்படையாக இருந்தது. அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறியபோது, அதைத் தாங்கி நின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். இன்று மண்டபத்தில் நடிப்பவர்களும், முன்வரிசையில் இருந்து அதை விளங்கிப் பார்ப்பவர்களும் என்றோ ஒரு வகுப்பறையில் மேசை கதிரைகளை ஓரமாக்கிவிட்டுப் பழகத் தொடங்கியவர்கள்தாம். (நீங்கள் கடைசியாக எந்த நாடகத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை.)

கூத்தின் நிலை இன்னும் இக்கட்டானது. பாட்டு ஏட்டில் இருக்கும். மெட்டும் தாளக்கட்டும் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் தொண்டையிலும் காலிலும் இருக்கின்றன. குருநகர், பாஷையூர் போன்ற கரையோர ஊர்களில் கூத்தைப் பழக்கத் தெரிந்த பலர் முதியவர்கள். கொரோனா அதிகமாகப் பலிகொண்டதும் முதியவர்களைத்தான். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தின் பிற்பகுதி 2020இல் ஊரடங்குக்குள் கழிந்ததால் இயேசுவின் பாடுகளைக் காட்டும் அந்த ஆண்டுத் திருப்பாடுகளின் நாடகம் தவறியது என்றால், அதை மறு ஆண்டு போடலாம். கூத்தரின் பாட்டைத் தொடர்ந்து பிற்பாட்டுப் பாட ஒரு சிறுவன் பழகாமல் போன இரண்டு ஆண்டுகளை அப்படி ஈடுசெய்ய முடியாது, ஏனெனில் அதற்குள் அவன் குரலும் உடைந்துவிடும், ஆர்வமும் வேறு பக்கம் போய்விடும்.

ஒரு விடயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். தமிழ்த்தினப் போட்டி நெருங்கியதும் வெளியாள் ஒருவரைப் பிடித்து, பத்துப் பிள்ளைகளுக்கு வசனத்தை மனனம் செய்வித்துக் கேடயம் வாங்குவதைக் களப்பயிற்சி என்று சொல்வதாயின், அதை நிறுத்துவதில் எனக்குக் கவலையில்லை. நல்ல களப்பயிற்சியில் வசனம் கடைசியில்தான் வரும். முகக்கவசத்தோடும் திரைக்கு முன்னாலும் இரண்டு ஆண்டுகள் வளர்ந்த பிள்ளை, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து வாய்திறந்து பேசவும், இன்னொரு பிள்ளை பேசும்போது பொறுத்துக் கேட்கவும் அங்கே விளையாட்டாகப் பழகும். பின்வாங்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை முதலில் அடையாளம் காண்பவரும் அநேகமாக அந்தப் பயிற்சியாளராகவே இருப்பார்.

இதற்கு வாரத்தில் இரண்டு பாடவேளை போதும். அதற்கும் நேரமில்லை என்றால், மாலையில் எத்தனை மணித்தியாலம் ரியூசனுக்குப் போகிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.