ஸ்பானிஷ்ல ஒரே வார்த்தை, பல அர்த்தம்: கேள்வி பதில்

பாட்டு, படம், பாரா விளையாட்டு (மாற்றுத்திறனாளிகள் ஆடுறது)ன்னு மூணு பக்கத்துலருந்தும் கேள்வி வந்திருக்கு, ஆனா எல்லாருக்கும் சிக்கல் ஒண்ணுதான், டிக்‌ஷ்னரில பார்த்த அர்த்தம் அங்க ஒட்டலை.

பார்வையற்றோர் ஃபுட்பால் வீடியோ பார்த்தேன், ஆளாளுக்கு 'போய் போய்'னு கத்துறாங்களே, தமிழா?

தமிழ் இல்லைங்க, அது 'வோய்'. ஸ்பானிஷ்ல வி எழுத்தையும் பி மாதிரிதான் சொல்லுவாங்க, அதான் 'போய்'னு கேக்குது. நேர் அர்த்தம் 'போறேன்'. ஆனா யாராவது கதவைத் தட்டினா நாம 'இதோ வரேன்'னு சொல்ற இடத்துலயும் அவங்க 'வோய்'னுதான் சொல்லுவாங்க. மைதானத்துல இதுக்கு இன்னும் கனம் ஜாஸ்தி. பந்துக்குள்ள சத்தம் வர்ற மாதிரி வெச்சிருப்பாங்க, அதனால பந்து எங்கன்னு தெரியும், ஆனா எதிர்ல ஓடி வர்ற ஆளு எங்கன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் பந்தைப் பறிக்கப் போறவர் 'வோய்'னு சத்தமா சொல்லியே ஆகணும்னு ரூல், சொல்லலைன்னா ஃபவுல். மண்டையும் மண்டையும் மோதாம காப்பாத்துற வார்த்தை இது. எந்த நாட்டு டீம் ஆடினாலும் இந்த ஸ்பானிஷ் வார்த்தைதான் கேக்கும். தயவுசெய்து சப்டைட்டில்ல 'போறேன்'னு போடாதீங்க, 'வரேன்'தான் சரி. ஸ்பெயின் டீம் 2004 ஏதென்ஸ், 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் ரெண்டுலயும் வெண்கலம் வாங்கியிருக்கு, அந்த மேட்ச் கிடைச்சா கண்ணை மூடிட்டு அஞ்சு நிமிஷம் கேட்டுப் பாருங்க.

ஸ்பெயினோட பாட்டு-நடனக் கலையான ஃபிளமெங்கோல 'பாலோ'ன்னா என்ன? டிக்‌ஷ்னரி 'குச்சி'ங்குது.

குச்சியும் சரிதான். சீட்டுக்கட்டுல ஒரு ஜாதிச் சீட்டும் பாலோ, கோல் போஸ்ட் கம்பமும் பாலோ. ஃபிளமெங்கோல பாலோன்னா பாட்டு வகை, சோலெயா, புலெரியா, தாங்கோஸ்னு நிறைய இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தாளமும் மனநிலையும் வேற. சோலெயால 12 எண்ணிக்கை, அழுத்தம் 3, 6, 8, 10, 12ல விழும். கையைத் தட்டி எண்ணிப் பாருங்க, படிச்சுப் புரியாது. அப்புறம் தாங்கோஸை அர்ஜென்டினா டாங்கோவோட குழப்பிக்காதீங்க, அது வேற, இது வேற.

ஸ்பெயின்ல தெருவுக்குத் தெரு 'ஒன்ஸே'ன்னு லாட்டரி விக்கிறாங்க, அது 11 தானே?

எண்ணா சொன்னா 11தான். பெரிய எழுத்துல, ONCEன்னு பார்த்தீங்கன்னா அது 1938ல ஆரம்பிச்ச ஸ்பெயின் பார்வையற்றோர் தேசிய அமைப்போட சுருக்கப் பேர். அந்த லாட்டரி டிக்கெட்டை வித்துத்தான் பல பேர் சொந்தக் கால்ல நின்னாங்க. சிலில யாராவது 'ஒன்ஸே சாப்பிட வாங்க'ன்னா சாயங்கால டீக்குக் கூப்பிடறாங்கன்னு அர்த்தம்.

'கம்பியோனெஸ்' படத்துக்கு 'கோயா' கிடைச்சதுன்னு போட்டிருக்கே, கோயா ஓவியர் இல்லையா?

அவர் பேர்லதான் ஸ்பெயினோட சினிமா விருது, 1987லருந்து கொடுக்கறாங்க, சிலையே அவர் தலைதான். கோயாவும் 1790கள்ல ஒரு நோய்ல காது கேக்காம போனவர். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களோட பாஸ்கெட்பால் டீம் பத்தின அந்தப் படம் 2019ல சிறந்த படமாச்சு, அதுல நடிச்ச, பார்வைக் குறைபாடு உள்ள ஹெசுஸ் விதாலுக்கு சிறந்த புதுமுக நடிகர் விருது கிடைச்சது. நம்ம ஊர் ஆர்.எஸ். பிரசன்னா 2025ல ஹிந்தில எடுத்த 'சிதாரே ஸமீன் பர்' இதோட ரீமேக்தான்.

கித்தார் கிளாஸ்ல 'தீஸ்மினுயிதோ'ன்னு ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) சொல்லித் தந்தாங்க, அதே வார்த்தை ஒரு பழைய சட்டத்துலயும் இருந்துச்சே?

நல்லா கவனிச்சிருக்கீங்க. 'குறைக்கப்பட்ட'ன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல டிமினிஷ்டுன்னு சொல்றோமே அதே கார்டு. ஸ்வர இடைவெளியைக் குறைக்கிறதால அந்தப் பேர், இசைல அது தப்பே இல்லை. ஆனா ஸ்பெயினோட 1978 அரசியல் சட்டம், 49வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளையே அந்த வார்த்தையாலதான் கூப்பிட்டுச்சு, மனுஷனைப் பார்த்து 'குறைஞ்சவர்'னு. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வலிக்கும். 2024லதான் அதை எடுத்துட்டு 'பெர்சோனாஸ் கோன் தீஸ்கபாசிதாத்', அதாவது குறைபாடு உள்ள 'நபர்கள்'னு மாத்தினாங்க. பழைய படம், பழைய பேப்பர்லலாம் அந்த வார்த்தை வரும், மொழிபெயர்க்கும்போது எந்த வருஷத்துதுன்னு பார்த்துக்கோங்க. கார்டுக்கு மட்டும் அப்படியே வெச்சுக்கலாம்.