நீட் மறுபடி எழுதுபவர்களுக்கு: எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

2023-ல் 398, 2024-ல் 428, 2025-ல் 431. இரண்டு வருஷம் பாலக்காட்டுக்கு பஸ் ஏறி ரிப்பீட்டர் பேட்ச் போனேன். கடைசி வருஷம் மூன்றே மார்க்தான் கூடியிருக்கிறது. எனக்கு இதற்கு மேல் வராதா?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

மூன்று மார்க்தான் கூடியது என்ற கணக்கை முதலில் விடுங்கள். 2024-ல் 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். நேரம் 3 மணி 20 நிமிடம். 2025-ல் அந்தச் சாய்ஸை எடுத்துவிட்டார்கள். 180 கேள்வியும் கட்டாயம், நேரம் 3 மணி. அதோடு இயற்பியலும் கடுமை. 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர். 2025-ல் முதல் மார்க்கே 686. அந்த வருஷம் 600-ஐத் தாண்டியவர்கள் நாடு முழுக்க 1,400 பேர்கூட இல்லை. பொதுப்பிரிவுக்கான தகுதி மார்க்கும் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. ஆகவே உங்கள் 428-ம் 431-ம் ஒரே தரத்து மார்க் அல்ல. இரண்டு மார்க் ஷீட்டிலும் பர்சன்டைலையும் (எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மேலே இருக்கிறீர்கள் என்பது) அகில இந்திய ரேங்க்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு முன்னேறியிருக்கிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்து செய்ய வேண்டியது, 431 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்பது. தேர்வு முடிந்ததும் ஓ.எம்.ஆர். (விடைக்கு வட்டம் நிரப்பும் தாள்) நகலும் விடைக்குறிப்பும் கொஞ்ச நாள் இணையத்தில் இருக்கும்; அப்போதே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 431 என்பது உதாரணத்துக்கு இப்படி வந்திருக்கலாம்: எழுதியது 169, சரி 120, தப்பு 49, விட்டது 11. சரிக்கு நாலு வீதம் 480, அதில் தப்புக்கு ஒன்று வீதம் 49 கழிந்து 431. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 49. ஒரு தப்பு சரியானால் 4 இல்லை, 5 மார்க் கூடும். மைனஸ் ஒன்றும் திரும்பி வருகிறது. 49-ல் 20 சரியானால் 100 மார்க், நீங்கள் 531.

அந்தத் தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். பாடமே தெரியாதவை. பாடம் தெரிந்தும் கணக்கிலோ யூனிட்டிலோ கேள்வியை வாசித்ததிலோ சறுக்கியவை. இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறித் தவறான பக்கம் போனவை. முதல் வகைக்குத்தான் வகுப்பும் புத்தகமும். இரண்டாவது வகையை நேரம் வைத்துப் போடும் பயிற்சிதான் சரி செய்யும். மறுபடி பாடம் கேட்டால் ஒரு மார்க்கும் கூடாது. மூன்றாவது வகை, பாடத்தை மேலோட்டமாக வாசித்ததால் வருவது. அந்த இரண்டு விடைகளும் புத்தகத்தில் எந்த வரியில் பிரிகின்றன என்று தேடி, அந்த வரியை நோட்டில் எழுதுங்கள்.

ரிப்பீட்டர்கள் வழக்கமாகச் செய்வது, ஜூன் மாதம் முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிப்பது. தெரிந்த பாடம் வேகமாக ஓடும், மனதுக்கும் தெம்பாக இருக்கும். தெரியாத பாடத்துக்கு வரும்போது ஜனவரி ஆகிவிடும். மூன்று தேர்விலும் தப்பு விழுந்த பாடங்கள் எவை என்று உங்கள் கையில் இருக்கும் தாளே சொல்லும். ஜூனில் அவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இயற்பியலில் 180-க்கு 50-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இன்டரில் (ஆந்திரத்துப் பிளஸ் டூ) சூத்திரம் எல்லாம் மனப்பாடம். ஆனால் கேள்வியைப் பார்த்தால் எந்தச் சூத்திரம் என்று தெரியவில்லை.
வாசகர், நகரி

சூத்திரத்தை மட்டும் எழுதி வைத்திருப்பீர்கள். அது எப்போது செல்லும் என்பதை எழுதியிருக்க மாட்டீர்கள். v = u + at முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டும். இயந்திர ஆற்றல் மாறாது என்பது உராய்வு இல்லாத இடத்தில். நோட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் எதிரே நிபந்தனை, யூனிட், அதை வைத்து வந்த பழைய நீட் கேள்வி ஒன்று, இந்த மூன்றையும் எழுதுங்கள். அடுத்த முறை கேள்வியை வாசிக்கும்போது கண் நிபந்தனையைத் தேடும்.

அடுத்தது வரிசை. கோச்சிங்கில் இயக்கவியலில் ஆரம்பித்துச் சுழற்சி இயக்கத்தில் மாட்டிக்கொண்டு, கடைசிப் பாடங்களை ஏப்ரலில் அவசரமாக முடிப்பார்கள். 50 மார்க்கில் இருப்பவருக்கு அது ஒத்து வராது. மின்னோட்டம், கதிர் ஒளியியல், ஒளிமின் விளைவு, அணு, அணுக்கரு, குறைக்கடத்தி, மின்தேக்கி, வெப்ப இயக்கவியல், அலகும் அளவீடும் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு படியில் விடை வரும் பாடங்கள் இவை. சுழற்சி இயக்கத்தைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவது, கணக்குப் போடும் வேகம். கால்குலேட்டர் கிடையாது. உதாரணம்: 400 நானோமீட்டர் ஒளி, வெளியேற்று ஆற்றல் 2.1 எலெக்ட்ரான் வோல்ட் உள்ள உலோகத்தின் மேல் விழுகிறது. எலெக்ட்ரானின் உச்ச இயக்க ஆற்றல் எவ்வளவு? h (பிளாங்க் மாறிலி), c (ஒளியின் வேகம்) இரண்டையும் பத்தின் அடுக்கோடு எழுதிப் பெருக்கி வகுத்தால் மூன்று நிமிடம் போகும், நடுவில் ஒரு அடுக்கும் தவறும். hc = 1240 என்று (எலெக்ட்ரான் வோல்ட், நானோமீட்டர் கணக்கில்) மனதில் இருந்தால் 1240-ஐ 400-ஆல் வகுக்க 3.1, அதில் 2.1 கழித்து 1.0. இருபது வினாடி. அதே மாதிரி √2, √3, π² ஏறக்குறைய 10, மணிக்குக் கி.மீ.-ஐ வினாடிக்கு மீட்டராக்க 5/18 இவை எல்லாம் நாக்கு நுனியில் இருக்கட்டும். 72 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 5 மீ/வி² எதிர்முடுக்கத்தில் நிற்க 40 மீட்டர் வேண்டும். 72-ஐ 20 ஆக்க மறந்தால் 518.4 வரும். கேள்வி தயாரிப்பவருக்கு இந்த மறதி நன்றாகத் தெரியும். அந்தத் தவறான எண்ணும் நாலு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

தினமும் 40 கணக்கு, 60 நிமிடம், அலாரம் வைத்துப் போடுங்கள். விடையைப் பார்த்துப் புரிந்துகொண்டதைப் போட்டதாகச் சேர்க்காதீர்கள். புத்தகத்தை மூடி, மூன்று நாள் கழித்து அதே கணக்கு தானாக வந்தால்தான் அது உங்களுடையது.

உயிரியல் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை (மத்திய பாடத்திட்டப் புத்தகம்) பத்துத் தடவை வாசித்துவிட்டேன். 360-க்கு 270-லேயே நிற்கிறது.
வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

கேரளத்தில் பிளஸ் டூ படித்ததால் வகுப்பிலும் அதே என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான் உங்களுக்கு, அது நல்ல வசதி. ஆனால் பதினோராவது தடவை வாசிப்பதால் மார்க் ஏறாது. பழகிய பக்கம் கண்ணில் பட்டதும் தெரிந்த மாதிரியே இருக்கும். தேர்வில் அந்தப் பக்கம் இருக்காது. வாசிப்பதை நிறுத்தி, மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள். கழிவுநீக்கம் என்று ஒரு வெள்ளைத்தாளில் தலைப்புப் போட்டு, நெஃப்ரானின் பாகங்கள், எங்கே எது உறிஞ்சப்படுகிறது, நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டல், நாளுக்கு 180 லிட்டர் என்று நினைவில் வருவதை எல்லாம் எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். ஒரு பாடத்துக்கு அரைமணி நேரம். சிவப்பு விழுந்த இடம்தான் உங்கள் 90 மார்க்.

படங்களின் கீழே உள்ள குறிப்பு, அட்டவணை, விஞ்ஞானிகள் பெயர் இவற்றையும் விடாதீர்கள். பொருத்துக வகைக் கேள்விகளில் உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பிடித்தாலே பெரும்பாலும் இரண்டு விடைகள் அடிபடும். "சரியல்லாத கூற்று எது" என்று வந்தால் "அல்லாத" என்பதைப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். தெரிந்த பாடத்தில் விழும் தப்புகளில் நிறைய இங்கேதான். இன்னொன்று: இரண்டு பேர் சம மார்க் எடுத்தால் ரேங்க் பிரிக்க முதலில் பார்ப்பது உயிரியல் மார்க்கை.

புதிய வேதியியல் புத்தகத்தில் p-தொகுதியே இல்லை. விட்டுவிடலாமா?
வாசகர், பாறசாலை

விடக் கூடாது. என்.சி.இ.ஆர்.டி. குறைத்ததும் நீட் பாடத்திட்டம் குறைந்ததும் ஒன்றல்ல. நீட்டில் p-தொகுதி, அதாவது தனிம அட்டவணையின் 13 முதல் 18-ஆம் தொகுதி வரை, இருக்கிறது. பழைய 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்களைத் தேடி அந்தப் பாடங்களை மட்டும் நகல் எடுங்கள். மாறாக திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் போன்றவை 2024-லேயே நீட்டிலிருந்து போய்விட்டன. பழைய கோச்சிங் மெட்டீரியல் வைத்திருக்கும் ரிப்பீட்டர்கள் இவற்றுக்கு இன்னும் நாள்கணக்கில் நேரம் கொடுக்கிறார்கள். அந்த வருஷத்துப் பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, மெட்டீரியலில் இல்லாததைச் சேருங்கள், வேண்டாததை அடித்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவள். குமுளியிலிருந்து எழுதினால் தமிழ் வினாத்தாள் கிடைக்குமா?
வாசகி, குமுளி

மாநில மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத்து மையங்களில்தான். கேரள மையத்தில் மலையாளம், இந்தி, ஆங்கிலம் போன்றவை கிடைக்கும்; தமிழ் கிடைக்காது. தமிழ் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு மையம் வேண்டும். விண்ணப்பத்தில் மையத்தையும் மொழியையும் தேர்ந்தெடுக்கும் முன் அந்த வருஷத் தகவல் கையேட்டில் அந்தப் பகுதியை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும். அதனால் மாக் டெஸ்டுகளில் மூன்றில் ஒன்றையாவது ஆங்கிலத் தாளில் எழுதிப் பழகுங்கள்.

எங்கள் பூர்வீகம் கம்பம். பத்து வருஷமாக மறையூரில் இருக்கிறோம். மகன் பள்ளி முழுக்கக் கேரளத்தில். கவுன்சலிங் எந்த மாநிலத்தில்?
ஒரு தந்தை, மறையூர்

இதில் கவனம் தவறினால் மார்க் இருந்தும் சீட் போகும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எந்த மாநிலத்தவரும் எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) மூலம் விண்ணப்பிக்கலாம்; அதில் சிக்கல் இல்லை. மாநில ஒதுக்கீட்டில் ஒரு மாநிலத்தில் மட்டும்தான் பூர்வீகம் கோரலாம். இரண்டு இடத்திலும் கோரியது தெரிந்தால் ரத்தாகும்.

தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால், மகன் வெளிமாநிலத்தில் படித்தவர் என்பதால் நேட்டிவிட்டி சான்றிதழ் கட்டாயம். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுப்பிரிவில் போய்விடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் கிடைக்காது. அது 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு.

கேரளத்தைத் தேர்ந்தெடுத்தால் நீட் எழுதினால் மட்டும் போதாது. நுழைவுத் தேர்வு ஆணையரிடம் கீம் (கேரள அரசின் நுழைவுத் தேர்வு) விண்ணப்பமும் போட வேண்டும். அது வழக்கமாக நீட் முடிவுக்கு வெகு முன்பே திறந்து மூடிவிடும். எல்லைக் குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கீமில் போட்டு வைப்பதில் இன்னொரு பலன்: கேரளத்தில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம் போன்ற படிப்புகளுக்கும் நீட் ரேங்க்தான். ஆந்திரப் பக்கம் இருப்பவர்களுக்கு விஜயவாடா என்.டி.ஆர். சுகாதாரப் பல்கலைக்கழகம்தான் கவுன்சலிங் நடத்துகிறது. அங்கே லோக்கல் தகுதிக்குப் பொதுவாகத் தொடர்ந்து நான்கு வருஷம் அங்கேயே படித்ததற்கான சான்று கேட்பார்கள். ஸ்டடி சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

மகன் மூன்று தடவை எழுதிவிட்டான். நான்காவது தடவை விடலாமா? சொந்தக்காரர்கள் பேச்சு தாங்க முடியவில்லை.
ஒரு தாய், குப்பம்

அம்மா, எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு விதியில் வரம்பு இல்லை, வயது உச்சவரம்பும் இல்லை. ஆகவே இதை வீட்டுக்குள்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று விஷயம் பாருங்கள். வருஷா வருஷம் பர்சன்டைல் ஏறியிருக்கிறதா? தப்புகளை முதல் பதிலில் சொன்னபடி பிரித்துப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது வகையே அதிகமா? இந்த வருஷம் படிக்கும் முறை எந்த விதத்தில் மாறப்போகிறது என்று அவனால் சொல்ல முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இன்னொரு வருஷம் நியாயம். அதே கோச்சிங், அதே முறை, அதே மார்க் என்றால் வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, ஆயுர்வேதம், ஹோமியோபதி எதிலாவது சேர்ந்துகொள்ளட்டும். ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு எந்த மாநிலத்திலும் நீட் தகுதி கட்டாயம். மற்றவற்றில் எதற்கு நீட் வேண்டும் என்பது மாறலாம். அதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

சொந்தக்காரர் பேச்சு அவன் காதுக்குப் போகாமல் நீங்கள் தடுத்தாலே பெரிய உதவி. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ படிப்புப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அவனைத் தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 டெலி மானஸ் இலவச எண். எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

தெரியாத கேள்வியை விடுவதா, ஊகித்து எழுதுவதா? ஓ.எம்.ஆர். நிரப்ப நேரம் போதவில்லை.
வாசகர், கோவிந்தாபுரம்

ஊகத்துக்குக் கணக்கு இருக்கிறது. நாலு விடையும் சமமாகத் தோன்றும் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாகக் கால் மார்க் லாபம். ஆனால் அதிர்ஷ்டம் மாறினால் இறங்கவும் செய்யும், பெரிதாக நம்ப வேண்டாம். இரண்டு விடை நிச்சயமாக அடிபட்டு மீதி இரண்டில் ஒன்று என்றால் சராசரி ஒன்றரை மார்க் லாபம். அதை விடவே கூடாது. நிஜமாக மார்க்கைக் குடிப்பது இயற்பியலில் நாலு நிமிடம் செலவழித்து, விட மனசில்லாமல் போடும் விடை. இரண்டு நிமிடத்தில் வழி தெரியவில்லை என்றால் குறி வைத்துவிட்டு நகருங்கள்.

180 வட்டத்துக்கு ஒன்றுக்கு ஐந்து ஆறு வினாடி வைத்தாலும் 15 முதல் 18 நிமிடம் வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பினால் கை நடுங்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நிரப்பினால் கவனம் சிதறும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கேள்விகளை மட்டும் நிரப்புங்கள், கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே. உயிரியல் 45 முதல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65, மீதி திரும்பிப் பார்க்க. நிரப்பும் நேரமும் இதற்குள்தான். கறுப்பு மை பால் பாயின்ட் பேனாவில் போட்டதை அழிக்க முடியாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பினால் தவறான விடையாகவே எடுத்து மைனஸ் போடுவார்கள். பிப்ரவரியிலிருந்து வாரம் இரண்டு மாக் டெஸ்டையாவது மதியம் 2 முதல் 5 வரை, நகல் எடுத்த ஓ.எம்.ஆர். தாளில், அதே பேனாவால் எழுதுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தம் எத்தனை கேள்வியைத் தின்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். தேர்வு நாளில் எதை, எவ்வளவு சாப்பிடுவது என்பதையும் அந்த டெஸ்டுகளிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.