ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 49 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய கிராமம். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் வாசற்படியிலேயே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இப்போது கம்பு ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. "ஆமா", "அது... அது...", இவ்வளவுதான். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல முடியாதபோது கண் கலங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், மாசாமாசம் பணம் அனுப்புகிறான். மகளுக்குக் கைக்குழந்தை, அவளை அடிக்கடி கூப்பிட முடியாது. வீட்டில் நானும் அவரும்தான்.

ஆரம்பத்தில் சபையில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபித்தார். இப்போது வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் "விசுவாசத்தோட கேளுங்க மைனி, கர்த்தர் எழுப்பிவிடுவார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி, வீட்டில் ஏதோ பாவம் தடையாக இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அறிக்கை பண்ணுங்கள் என்றாள். போன மாதம் பிரசங்கத்தில் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொன்னார்கள். படுக்கையில் இருந்துகொண்டே கடைசிவரை தேவனைத் துதித்தார்களாம். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. நல்ல உடம்பை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லையே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வந்த பையன்கள் எங்கள் முற்றத்தில் நின்று பாடினார்கள். அவர் சின்ன வயதிலிருந்து பாடுகிற பாட்டு அது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். வெறும் சத்தம் இல்லை அம்மா. வார்த்தை வார்த்தையாக, ஒரு சரணம் முழுவதும்! எல்லாரும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். பேச்சு வந்துவிட்டது, காலையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. விடிந்ததும் சொம்பைக் காட்டி, "அது... அது..." என்றார். அன்றைக்கு எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. கொடுப்பதுபோலக் காட்டிவிட்டு ஆண்டவர் பிடுங்கிக்கொண்டாரே என்று தோன்றியது.

அதிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் கண் மட்டும் ஓடுகிறது. போனில் தினமும் வருகிற வசனப் படங்களைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. ராத்திரி மூன்று நான்கு தடவை அவருக்காக எழும்புகிறேன், அப்புறம் தூக்கம் வருவதில்லை. சாப்பாடும் பிடிக்கவில்லை. விடியக்காலம் முழிப்பு வரும்போது, இன்றைக்கு நான் கண் விழிக்காமலே போயிருந்தால் என்ன என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். ஒரு விசுவாசிக்கு வசனத்திலும் ஆறுதல் கிடைக்காமல் போனால் அவள் அதை எங்கே போய்த் தேடுவாள்?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி


அன்புச் சகோதரிக்கு,

விடியக்காலத்தில் வரும் அந்த நினைப்பைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

தூக்கம் கெட்டு, பசி போய், பிடித்த காரியங்களில்கூட மனசு ஒட்டாமல், இனி ஒன்றும் இல்லை என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நாங்கள் மனச்சோர்வு நோய் என்று பார்க்கிறோம். உங்களுக்கு இது மாதக்கணக்கில் இருக்கிறது. சர்க்கரையைப் போல, ரத்த அழுத்தத்தைப் போல மருத்துவம் உள்ள நோய்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும், இந்த வாரமே போய்ப் பாருங்கள். கண் விழிக்காமல் போனால் என்ன என்ற நினைப்பு, நானே ஏதாவது செய்துகொண்டால் என்ன என்ற பக்கம் திரும்பினால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டைத் தட்டுங்கள், மகனுக்குப் போன் பண்ணுங்கள், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்கிற அரசின் இலவச மனநல உதவி எண். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் தமிழில் பேசுவார்கள்.

இப்படி நினைப்பது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலியா தீர்க்கதரிசி அப்படித்தான் நினைத்தார். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்துக் கொஞ்சநாள்கூட ஆகாத மனுஷன். அதற்கு ஆண்டவர் என்ன செய்தார் என்பதை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். கண்டிக்கவில்லை. உனக்கு விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எலியா தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் கோபம் இல்லை. இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு. மெல்லிய சத்தமும், "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியும் அதற்கு எத்தனையோ நாள் கழித்து, ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகின்றன. தூக்கமும் சோறும் முதலில். மனநல மருத்துவமும் இன்று இவை இரண்டையும் முக்கியமாகவே பார்க்கிறது.

ஆகவே வேதத்தைத் திறந்தும் மனசு ஒட்டவில்லை என்பதை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள். ராத்திரி மூன்று நான்கு தடவை எழும்பும் ஒருவருக்குச் செய்தித்தாளில்கூட மனசு ஒட்டாது.

இப்போது அந்தப் பாட்டு. உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தது இந்த இடத்துக்காகத்தான்.

உங்கள் கணவருக்கு நடந்ததற்கு மருத்துவத்தில் விளக்கம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்தும் பகுதி மூளையின் இடது பக்கம் உள்ளது. உடம்பின் வலது பக்கத்தை அசைப்பதும் அதே இடது பக்கம்தான். அதனால்தான் வலது கை விழும்போது பல நேரம் பேச்சும் சேர்ந்து போகிறது. ஆனால் பாட்டு முழுக்க அந்த ஒரு பக்கத்தை நம்பி இல்லை. ராகத்துக்கும், சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிப்போன வரிகளுக்கும் வலது பக்கமும் துணை நிற்கிறது. ஒரு வாய்த் தண்ணீர் கேட்க முடியாதவர்கள் ஒரு சரணத்தை முழுதாகப் பாடுவதை பேச்சுப் பயிற்சியாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அதை வைத்தே ஒரு பயிற்சி முறையும் உண்டு. "தண்ணி வேணும்", "கால் வலிக்குது" போன்ற சின்ன வாக்கியங்களை ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்ல வைப்பார்கள். பழகப் பழக ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். முன்னேற்றம் முதல் சில மாதங்களில்தான் வேகமாக இருக்கும் என்பதும் உண்மை. இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் கதவு மூடிவிட்டது என்பது மட்டும் உண்மை இல்லை. உங்கள் கணவர் ஒரு சரணம் பாடினார் என்பதைப் பயிற்சியாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அது அவருக்கு முக்கியமான தகவல்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயம் இருந்தது. அற்புதம் என்று நினைத்தோம், இது மூளையின் வேலைதானா என்று நீங்கள் இன்னும் சோர்ந்துவிடக் கூடாது. நான் அப்படிப் பார்க்கவில்லை. அடைப்பு வந்து ஒரு பக்கம் கெட்ட பிறகும் மறுபக்கத்தில் பாட்டு மிஞ்சும்படி மனுஷனைப் படைத்த ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவள் நான். அன்று ராத்திரி உங்களுக்குக் கிடைத்தது ஒரு சரணம். அதை முழுச் சுகத்தின் முன்பணமாக எடுத்துக்கொண்டதால், மறுநாள் பிடுங்கிக்கொண்டதுபோல ஆகிவிட்டது. அந்தச் சரணத்தை யாரும் பிடுங்கவில்லை, சகோதரி. இன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அதே பாட்டை எடுத்துப் பாருங்கள். அவர் பாடலாம், முதல் வரியோடு நின்றுவிடலாம். வந்தவரைக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அவரைச் சோதிப்பதுபோல் மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

பேசும்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஆமா, இல்லை என்று தலையாட்டும்படி கேளுங்கள். அவர் தடுமாறும்போது வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதை வெறும் கோபமாக எண்ண வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவருக்கும் வைத்தியம் தேவைப்படலாம்.

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கு வார்த்தை இல்லை. அவருக்குப் பேச, உங்களுக்கு ஜெபிக்க. அவர் சொம்பைக் காட்டினால் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரிகிறது, "அது... அது..." என்ற குரலின் ஏற்ற இறக்கத்திலேயே வலியா, பசியா என்று கண்டுபிடித்துவிடுகிறீர்கள். ஆண்டவர் உங்களிடம் அதைவிடக் குறைவான கவனத்தோடா இருப்பார்? வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. கணவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, கட்டிலோரத்தில் உட்கார்ந்து நீங்கள் விடும் பெருமூச்சு இருக்கிறதே, இப்போதைக்கு அதுவே உங்கள் ஜெபமாக இருக்கட்டும். வார்த்தை வேண்டும் என்று தோன்றினால் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரி வரை இருட்டுத்தான். அப்படி ஒரு புலம்பலையும் சங்கீதம் என்று வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போனில் வரும் வசனப் படங்களைத் திறக்காமல் விடுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை.

டோனாவூர் அம்மையாரைப் பற்றிய பிரசங்கத்தைச் சொன்னீர்கள். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் மரிக்கும் வரை பெரும்பாலும் ஓர் அறையிலேயே அவர் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு பெரிய குடும்பமே இருந்தது. அவர் வளர்த்த பிள்ளைகள், உடன் ஊழியம் செய்தவர்கள், தாதிமார் என்று எத்தனையோ பேர் அவரைத் தாங்கினார்கள். நீங்கள் உங்களை அவரோடு ஒப்பிட்டு அழுதீர்கள். உங்களை ஒப்பிட வேண்டியது அவரைப் பார்த்துக்கொண்டவர்களோடு. அவர்கள் பலர், நீங்கள் ஒருத்தி.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தால் வழி இல்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த மனுஷனின் விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் கட்டிலின் நாலு மூலையையும் நீங்களே பிடித்துக்கொண்டு, விசுவாசம் போதவில்லை என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தடை இருக்கிறது, அறிக்கை பண்ணுங்கள் என்று சொன்ன சகோதரியின் பேச்சை நான் ஏற்கவில்லை. பிறவிக் குருடன் விஷயத்தில், யார் செய்த பாவம் என்று சீஷர்களே கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். நீங்களும் அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடலாம்.

வசனம் தவிர ஆறுதலை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் வருகிறது. மனுஷர் மூலமாக வரும் உதவி ஆண்டவருடைய உதவியைவிட ஒரு படி குறைந்தது என்ற எண்ணம் நம் சபைகளில் இருக்கிறது. அதனால் வாய் திறந்து கேட்க மாட்டோம். கேளுங்கள். "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஐயரிடமும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் குறிப்பாகச் சொல்லுங்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒருத்தர் வந்து அவங்ககூட இருக்கணும், நான் தூங்கணும்." "புதன்கிழமை ஒரு வேளைச் சாப்பாடு வேணும்." கேரல் பாட வந்த பையன்களில் இரண்டு பேரை வாரம் ஒருநாள் வந்து அவரோடு பாடச் சொல்லுங்கள். பிள்ளைகள் இந்த மாதிரி வேலைக்குச் சந்தோஷமாக வருவார்கள். மகன் பணம் அனுப்புகிறான், நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ராத்திரி வந்து அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்ள அவனால் முடியுமா என்று கேளுங்கள். கேட்காமல் அவனுக்கு உங்கள் நிலைமை தெரியாது.

அரசுப் பக்கமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 2021இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிந்து வையுங்கள்.

உங்களுக்காக டாக்டரைப் பார்க்கப் போகும்போது, மாதவிடாய் நிற்கும் வயது என்பதையும் சொல்லுங்கள். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் சோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சோர்வுக்கு அவையும் காரணமாக இருக்கலாம். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டு வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஆலோசகர்