வாசகர் கேள்விகள்: அனபாப்டிஸ்ட் மரபும் மன்னிப்பின் விலையும்

குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று வளர்ந்தவர்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்த, 1525ஆம் ஆண்டு சூரிக் நகரில் தோன்றிய அனபாப்டிஸ்ட் இயக்கம் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்ததையொட்டி இவ்விதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். மெனோனைட், ஆமிஷ், ஹட்டரைட் ஆகிய சபையினர் அந்த இயக்கத்தின் வழிவந்தவர்கள். குறிப்பைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இரண்டாம் முறை ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதற்காகவா மனிதர்களைக் கொன்றார்கள்? வெறும் சடங்குச் சண்டையாக அல்லவா தெரிகிறது? (வாசகர், நாகர்கோவில்)

வெறும் சடங்குச் சண்டையாக இருந்திருந்தால் யாரும் உயிரிழந்திருக்க மாட்டார்கள். இன்று நம் ஊரில் சி.எஸ்.ஐ. குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் வீட்டில் மனக்கசப்பு வரலாம். அதிகாரிகள் யாரும் வந்து கைது செய்யமாட்டார்கள். அன்றைய சூரிக்கில் நிலைமை வேறு. பிறந்த குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் அக்குழந்தையைச் சபையில் சேர்த்ததோடு, அந்த நகரச் சமுதாயத்திலும் சேர்த்தது. தசமபாகம், நகரத்துக்குச் செய்துகொடுக்கும் சத்தியப்பிரமாணம், அழைத்தபோது ஆயுதம் ஏந்திப் போகவேண்டிய கடமை ஆகியவை எல்லாம் அந்த ஒற்றை அடித்தளத்தின் மேல் நின்றன. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவர், சபையும் அரசும் ஒன்றே என்ற ஏற்பாட்டையே மறுத்தவராகக் கருதப்பட்டார்.

கொன்ராட் கிரேபெல், ஃபெலிக்ஸ் மான்ஸ் ஆகிய இளைஞர்கள் தொடக்கத்தில் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லியின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவர்கள். வழிபாட்டில் எதை எப்போது மாற்றுவது என்பதை நகரமன்றம் தீர்மானிக்கட்டும் என்று ஸ்விங்லி விட்டுக்கொடுத்தபோதுதான் அவர்கள் அவரிடமிருந்து விலகத் தொடங்கினார்கள். 1525 ஜனவரி 18 அன்று, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு எட்டு நாட்களுக்குள் அதைக் கொடுக்காத பெற்றோர் நாடு கடத்தப்படுவார்கள் என்று நகரமன்றம் ஆணையிட்டது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 21 மாலை, மான்ஸின் வீட்டில் கூடியவர்களிடையே ஜார்ஜ் பிளாவ்ராக் என்பவருக்குக் கிரேபெல் ஞானஸ்நானம் கொடுத்தார். மறுஆண்டில் இதற்கு மரண தண்டனை என்று ஆணை வந்தது. 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸ் கட்டப்பட்டு லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்.

அவர்களைக் கொன்றது கத்தோலிக்க அரசுகள் மட்டுமல்ல என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1529-ல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் கூடிய புனித ரோமப் பேரரசின் மன்றத்தில், மனச்சாட்சியின் பேரில் எதிர்ப்புத் தெரிவித்த லூத்தரன் இளவரசர்களுக்குப் ‘புராட்டஸ்டண்ட்’ என்ற பெயர் கிடைத்தது. மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை என்று பேரரசு முழுவதற்குமான ஆணை பிறந்ததும் அதே மன்றத்தில்தான். தமக்கு வேண்டிய மனச்சாட்சி உரிமையை அனபாப்டிஸ்டுகளுக்குத் தர அந்த இளவரசர்கள் முன்வரவில்லை. கட்டாயத்தின் பேரில் வருவது விசுவாசமே அன்று என்பதுதான் இந்த மக்களின் அடிப்படை நிலைப்பாடு; அவர்களது மற்ற போதனைகளும், அவர்கள் பட்ட பாடுகளும், என் பார்வையில், அதிலிருந்தே கிளைத்தவை.

அவர்களும் வாள் எடுத்தவர்கள்தாமே? மியூன்ஸ்டரை ஏன் மறைக்கிறீர்கள்? (வாசகர், சென்னை)

மறைக்கவில்லை. 1534-ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய அனபாப்டிஸ்டுகளில் ஒரு பிரிவினர், ஞானஸ்நானம் பெற மறுத்தவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்; பலதார மணத்தை நடைமுறைப்படுத்தினார்கள்; லெய்டனைச் சேர்ந்த யான் என்பவரை அரசனாக்கினார்கள். 1535-ல் நகரம் வீழ்ந்தது. தலைவர்களின் உடல்களை அடைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் அங்குள்ள புனித லம்பெர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன. கட்டாயத்தை எதிர்த்துப் பிறந்த இயக்கம், அதிகாரம் கையில் வந்ததும் கட்டாயப்படுத்தியது என்பதே இதன் சுருக்கம். 1536-ல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து வந்த மெனோ சைமன்ஸ், சிதறிப்போயிருந்தவர்களை வாள் எடுக்காத சபையாகத் திரட்டினார். மெனோனைட் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது.

துரத்தி வந்தவனைக் காப்பாற்றியதால் பிடிபட்டு எரிக்கப்பட்ட ஒருவரின் படத்தைப் பார்த்தேன். இது தியாகமா, அறியாமையா? துன்பத்தைத் தேடிப்போவதுதான் இவர்களது பக்தியா? (வாசகி, தூத்துக்குடி)

நீங்கள் பார்த்தது டிர்க் வில்லெம்ஸின் படமாக இருக்கவேண்டும். 1660-ல் டச்சு மொழியில் வெளியான இரத்தசாட்சிகளின் பெருந்தொகுப்பில் அவரது வரலாறு இருக்கிறது; 1685ஆம் ஆண்டுப் பதிப்புக்காக யான் லாய்கென் வரைந்த 104 செதுக்கோவியங்களில் அந்தக் காட்சியும் ஒன்று. நெதர்லாந்தின் ஆஸ்பெரென் ஊரில் சிறைப்பட்டிருந்த டிர்க், துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்பினார். உறைந்த நீர்நிலையின் மெல்லிய பனிக்கட்டியைக் கடந்துவிட்டார். பின்தொடர்ந்த காவலன் பனி உடைந்து நீருக்குள் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். 1569 மே 16 அன்று அவர் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இந்த வரலாற்றில் பலர் கவனிக்காமல் விடும் ஓரிடம் உண்டு. காப்பாற்றப்பட்ட அந்தக் காவலன் டிர்க்கை விட்டுவிடவே விரும்பினான். கரையில் நின்ற நகரத் தலைவர், அவன் செய்துகொடுத்த சத்தியப்பிரமாணத்தை நினைவூட்டிக் கண்டித்த பிறகுதான் அவரைப் பிடித்தான். 1527-ல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் அனபாப்டிஸ்ட் தலைவர் மைக்கேல் சாட்லர் முன்னின்று வகுத்த ஏழு கூறுகளைக் கொண்ட அறிக்கை, வாளை மறுத்ததோடு சத்தியம் செய்வதையும் ஏன் மறுத்தது என்பதை இந்தக் காட்சியை விடத் தெளிவாக விளக்கும் எதையும் நான் அறியேன். நன்றியுணர்வு எழுந்த ஒரு மனிதனை, முன்பே வாங்கிவைத்த ஒரு வாக்கு அதற்கு எதிராக நடக்கச் செய்தது.

துன்பத்தைத் தேடுவது பற்றிக் கேட்டீர்கள். டிர்க் சிறையிலிருந்து தப்பி ஓடியவர் என்பதே அதற்குப் பதில். அனபாப்டிஸ்டுகள் காடுகளிலும் படகுகளிலும் இரகசியமாகக் கூடினார்கள். மொராவியாவுக்கும், பின்னர் உக்ரைனுக்கும், அமெரிக்காவுக்கும் இடம்பெயர்ந்தார்கள். இயன்றவரை துன்பத்தைத் தவிர்த்தார்கள். பிறருக்குத் தீங்கு செய்துதான் தவிர்க்கமுடியும் என்ற நிலை வந்தபோது அதை ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரும் எல்லாக் காலத்திலும் அப்படி நின்றார்கள் என்றும் சொல்லமுடியாது. ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது உக்ரைனில் வாழ்ந்த மெனோனைட்டுகளில் ஒரு பகுதியினர் தற்காப்புப் படை திரட்டி ஆயுதம் ஏந்தினார்கள். அது சரியா என்று அவர்களது சந்ததியார் இன்றும் வாதிடுகிறார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில், இராணுவச் சீருடை அணிய மறுத்த ஹட்டரைட் சகோதரர்களான ஜோசப் ஹோஃபரும் மைக்கேல் ஹோஃபரும் அல்கட்ராஸ் சிறையில் வதைக்கப்பட்டு, 1918-ல் லெவன்வொர்த் சிறைக்கு மாற்றப்பட்ட சில நாட்களில் இறந்தார்கள். உயிரோடிருந்தபோது அணிய மறுத்த சீருடை ஜோசப்பின் சடலத்துக்கு அணிவிக்கப்பட்டிருந்தது.

தங்கள் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றவனை அன்றைக்கே மன்னிக்கமுடியுமா? ஆமிஷ் மக்கள் அப்படிச் செய்ததாகப் படித்தேன். நம்பமுடியவில்லை. (வாசகர், மதுரை)

2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பகுதியில், ஆமிஷ் பள்ளி ஒன்றுக்குள் புகுந்த ஒருவர் பத்துச் சிறுமிகளைச் சுட்டார். ஐந்து பேர் இறந்தனர். பின்னர் அவர் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்பகுதிப் பண்ணைகளில் பால் சேகரிக்கும் லாரியை ஓட்டிவந்த, அறிமுகமான மனிதர் அவர். அன்று மாலைக்குள் ஆமிஷ் பெரியவர்கள் சிலர் அவரது குடும்பத்தாரைத் தேடிச் சென்று ஆறுதல் சொன்னார்கள். அவரது அடக்கத்துக்கும் பல ஆமிஷ் குடும்பத்தினர் வந்தார்கள். குழந்தைகளை இழந்த பெற்றோர் சிலரும் அவர்களில் இருந்தார்கள்.

அவர்கள் ‘மன்னித்தோம்’ என்று சொன்னபோது, மனத்தில் கோபம் தீர்ந்துவிட்டது என்ற பொருளில் சொல்லவில்லை. “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று தினமும் சொல்லும் ஜெபத்தை, அவர்கள் ஒரு நிபந்தனையாகவே வாசிக்கிறார்கள். பழிவாங்கும் உரிமையைக் கைவிடுகிறோம் என்ற தீர்மானம் முதலில் வருகிறது. உணர்வு அதைப் பின்தொடர ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் பலமுறை அதே தீர்மானத்தைப் புதுப்பிக்கவேண்டியும் வரலாம். தனியொருவரால் இது இயலாது. இழந்தவருக்காக ஊரே துக்கத்தைச் சுமக்கும் இடத்தில்தான் இயலும் என்று நினைக்கிறேன். சுட்டவரின் தாய் பின்னர் பல ஆண்டுகள், படுகாயமுற்றுச் செயலிழந்துபோன ஒரு சிறுமியின் வீட்டுக்குப் போய் அவளைக் குளிப்பாட்டி, கதை வாசித்து வந்தார். அவரை அனுமதித்த பெற்றோருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

மன்னிக்கவேண்டும் என்ற போதனை பாதிக்கப்பட்ட பெண்களின் வாயை அடைப்பதற்குத்தானே பயன்படுகிறது? (வாசகி, கோயம்புத்தூர்)

பயன்பட்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் நிக்கல் மைன்ஸைப் புகழ்வது நேர்மையாகாது. இருபதாம் நூற்றாண்டில் அகிம்சை பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற மெனோனைட் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்பதைச் சபையினரின் ஆய்வே பதிவு செய்துள்ளது. அவர் பணியாற்றிய இந்தியானா மாநில இறையியல் கல்லூரி பல ஆண்டுகள் அதை வெளியே தெரியாமல் கையாண்டது. குற்றம் செய்த சகோதரனைத் தனியே சந்தித்துப் பேசு என்னும் மத்தேயு 18ஆம் அதிகாரம், பெண்கள் மீண்டும் அவர் முன்னாலேயே போய் நிற்கவேண்டும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. அக்கல்லூரி அப்பெண்களிடம் பொதுவில் வருத்தம் தெரிவித்து வழிபாடு நடத்தியது 2015-ல்தான். யோடர் இறந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆமிஷ் சமூகங்களிலும், குற்றவாளி சபை முன் முழங்காலில் நின்று அறிக்கையிட்டுச் சில வாரம் விலக்கப்பட்ட பின், அதைப் பற்றி மீண்டும் பேசுவதே மன்னியாமை என்று பாதிக்கப்பட்டவர் அடக்கப்பட்ட வழக்குகள் உண்டு.

டிர்க் திரும்பிச் சென்றபோது யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. பிறர் கட்டளையிட்டுப் பெறும் மன்னிப்புக்கு அவரது பெயரைத் துணைக்கு அழைப்பவர்கள், குழந்தைகளை எட்டு நாட்களுக்குள் கொண்டுவா என்று ஆணையிட்ட நகரமன்றத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்றே சொல்வேன்.

செல்போன், கார், மின்சாரம் வேண்டாம் என்பது வெறும் பழமைவாதம் இல்லையா? (வாசகர், திருச்சி)

மெனோனைட்டுகளில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போலத்தான் வாழ்கிறார்கள். நீங்கள் கேட்பது 1693-ல் யாகோப் அம்மானின் தலைமையில் பிரிந்த ஆமிஷ் மக்களைப் பற்றி. இன்று வட அமெரிக்காவில் அவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருக்கிறார்கள். தொகை இருபது ஆண்டுக்கொருமுறை இரட்டிப்பாகிறது.

அவர்கள் இயந்திரத்தைப் பாவம் என்று சொல்வதில்லை. கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிறர் ஓட்டும் காரில் கூலி கொடுத்துப் போவார்கள். வீட்டுக்குள் தொலைபேசி இல்லை. வயலோரத்தில் சிறு கூண்டு கட்டி அண்டை வீட்டார் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். பொது மின்கம்பியிலிருந்து இணைப்பு எடுப்பதில்லை. பட்டறை இயந்திரங்களை டீசல் பொறியாலும் அழுத்தக் காற்றாலும் இயக்குகிறார்கள். இது முரண்பாடாகத் தோன்றும். இந்தப் பொருள் உள்ளே வந்தால் நம் குடும்பமும் அண்டை வீடும் என்ன ஆகும் என்பதே அவர்கள் ஒவ்வொன்றிலும் கேட்கும் கேள்வி. இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும், ஆண்டுக்கு இருமுறை திருவிருந்துக்கு முன் கூடித் தன் ஒழுங்குமுறையை ஆராய்ந்து உறுதி செய்கிறது. கைபேசியை வாங்கிய பிறகே அதன் விளைவைப் பற்றிப் புலம்பும் நமக்கு, வாங்குமுன் கூடிப் பேசும் இந்த வழக்கத்தைக் கேலி செய்ய அதிக உரிமை இல்லை.

விலையும் உண்டு. அவர்களது பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது; அதை 1972-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அனுமதித்தது. (‘விஸ்கான்சின் எதிர் யோடர்’ என்ற அந்த வழக்கில் இருந்த யோடர், மேலே சொன்ன இறையியலாளர் அல்லாத வேறு ஒருவர்; அது ஆமிஷ் மக்களிடையே பரவலான குடும்பப் பெயர்.) நீதிபதி டக்ளஸ் மட்டும், படிக்கப்போகும் பிள்ளையைக் கேட்டீர்களா என்று தன் மாறுபட்ட கருத்தில் வினவினார். வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெறாமல் விலகுகிறவர்கள் புறக்கணிக்கப்படுவதில்லை, பெற்றபின் விலகினால் பெற்றோரே ஒரே மேசையில் உணவருந்த மாட்டார்கள். எட்டாம் வகுப்போடு வெளியுலக வாசல் குறுகிவிட்ட ஓர் இளைஞன் இருபது வயதில் எடுக்கும் முடிவு எவ்வளவு சுதந்திரமானது என்பதில் நான் டக்ளஸின் பக்கம்.

இந்தியாவில் இவர்கள் இருக்கிறார்களா? (வாசகர், சேலம்)

இருக்கிறார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மெனோனைட் பிரதரன் மிஷனரிகள் 1889 முதல் இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டாவில் பணியாற்றினார்கள். அங்கு உருவான சபைகளில் தலித் மக்களே பெரும்பான்மையினர். அமெரிக்க மெனோனைட்டுகள், பஞ்சத்தில் நிவாரணம் கொண்டுவந்ததன் தொடர்ச்சியாக, 1899-ல் இன்றைய சத்தீஸ்கரின் தம்தரியில் பணியைத் தொடங்கினார்கள். அவர்களது மருத்துவமனை இப்போதும் இயங்குகிறது. உலக மெனோனைட் மாநாடு 1997-ல் கொல்கத்தாவில் கூடியது.

தம்தரி அன்று இருந்த மத்தியப் பிரதேசம் 1968-ல் இயற்றிய சட்டப்படி, ஒருவரை வேறு மதத்திலிருந்து சேர்த்து ஞானஸ்நானம் போன்ற சடங்கை நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தரவேண்டும். சட்டம் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கவே என்று அரசு சொன்னது. உச்சநீதிமன்றமும் 1977-ல் அதை ஏற்றது. மாநிலம் பிரிந்த பிறகு சத்தீஸ்கரும் அச்சட்டத்தைத் தொடர்ந்தது. வளர்ந்த மனிதர் தாமாக விரும்பிப் பெறுவதே ஞானஸ்நானம் என்று கருதும் சபையினர், அந்த விருப்பத்தை அரசு அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டிய நிலையில் அங்கே இருக்கிறார்கள்.