நன்கொடை திரட்டக் கடினமான காட்டு மலையேற்றம் போவது தேவையா? நேரடியாகவே பணம் கேட்கலாமே?

நேரடியாகக் கேட்டுப் பார்த்தவன் நான். இரண்டு மாதம் அலைந்தும் 6,000 ரூபாய்தான் சேர்ந்தது. பிறகுதான் கேரள எல்லையில் உள்ள அகத்தியர்கூடம் மலை ஏறுவது என்று முடிவெடுத்தோம்.

என் அம்மை பக்கவாதத்தில் பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே முதலில் ஒரு சிவந்த தடம் தெரிந்தது. பத்து நாளில் தோல் உரிந்து, கட்டைவிரல் உள்ளே போகும் அளவுக்குக் குழியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட செவிலியர், "காற்று மெத்தை முன்பே கிடைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது" என்றார். மெத்தையின் அறைகளில் காற்று மாறி மாறி ஏறி இறங்குவதால் ஒரே இடத்தில் எடை அழுந்தாது, ரத்த ஓட்டம் நிற்காது. அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்கவும் வேண்டும். அந்தச் செவிலியரின் குழுவிடம் இருந்த மெத்தைகள் எல்லாம் வேறு வீடுகளில் இருந்தன. அம்மை போன பிறகு, அந்தக் குழுவுக்கு மெத்தை வாங்கித் தரவேண்டும் என்பது ஒன்றே என் மனதில் இருந்தது.

எங்கள் குமரி மாவட்டத்தில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோயில்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டபடி பக்தர்கள் ஓடுவார்கள். ஓட முடியாதவர்கள் வாசலில் பானகமும் சுக்குநீரும் வைத்துக் காத்திருப்பார்கள். அடுத்தவர் படும் பாட்டில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று நினைக்கிற ஊர் இது. சும்மா கையேந்தியபோது யோசித்தவர்கள், "இந்த மெத்தைக்காக மலை ஏறப்போகிறோம்" என்றதும் உட்காரச் சொல்லிக் கேட்டார்கள்.

முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் அக்கா ஒருத்தி, தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினாள். "எனக்காகவும் இரண்டு அடி கூட நட மக்களே" என்றாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே தொகையை எழுதும்போது என் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஏழு பேர் போனோம். நான்கு மாதம், ஞாயிறுதோறும் விடியுமுன் பொட்டையடிப் பக்கத்து மருந்துவாழ்மலையில் எட்டுக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிப் பழகினோம். அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். கேரள வனத்துறையின் அனுமதியும் மருத்துவச் சான்றும் இல்லாமல் போக முடியாது. ஜனவரியையொட்டித்தான் பருவம், டிக்கெட் விரைவில் தீர்ந்துவிடும். போனக்காட்டிலிருந்து முதல் நாள் முழுக்க நடந்து அதிருமலை முகாம். வழியில் முட்டிடிச்சான் என்றொரு ஏற்றம் வருகிறது. பெயருக்கு ஏற்ப முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. மறுநாள் உச்சிக்கு முன், வெறும் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். அந்தக் கயிற்றில் கை வழுக்கியபோது அக்கா சொன்ன இரண்டு அடிதான் நினைவுக்கு வந்தது.

எங்களுடன் வந்த வழிகாட்டி, இந்த மலைக்காட்டுப் பழங்குடியினரான காணிக்காரர்களில் ஒருவர். 1987இல் இந்த மலைக்கு வந்த விஞ்ஞானிகளுக்குக் காணிக்காரர்கள் ஒரு சிறு பழத்தைத் தின்னக் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குக் களைப்பே தெரியவில்லை. அது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம். அந்தச் செடியிலிருந்து பிறகு ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. காட்டை அறிந்தவருக்கு உரிய பங்கைக் கொடுப்பதும் அறம்தான். வழிகாட்டியின் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

பயணச் செலவு, சாப்பாடு, காலணி எதையும் நன்கொடையிலிருந்து எடுக்காதீர்கள். நாங்கள் அதற்கென ஆளுக்கொரு தொகையைத் தனியாகப் போட்டோம். இதில் சறுக்கினால் அடுத்த முறை எந்த வாசலிலும் நிற்க முடியாது. காட்டில் பேனரும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம். அது யானையின் வீடு.

சேர்ந்தது 86,400 ரூபாய். பன்னிரண்டு காற்று மெத்தைகளும் இரண்டு சக்கர நாற்காலிகளும் வாங்கினோம். மீதி கட்டுத்துணிக்கும் மருந்துக்கும் போனது. வரவையும் செலவையும் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். முதல் மெத்தை அந்த முந்திரி ஆலை அக்காவின் தெருவிலேயே, படுக்கையில் கிடக்கும் ஒரு தாத்தாவுக்குப் போயிற்று. பம்பைச் செருகியதும் மெல்ல உறுமிக்கொண்டு மெத்தை எழும்பியது. அக்கா குனிந்து அதை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். "இரண்டு அடி நடந்தாயா மக்களே?" என்று கேட்டாள். நடந்தேன் என்றேன்.