தொடக்க கால சோவியத் விமானங்கள் ஏன் அவ்வளவு விழுந்தன?

கேள்வி கேட்டவருக்கு மூன்று சந்தேகங்கள். 1920, 30களில் சோவியத் ஒன்றியத்தில் நடந்த விமான விபத்துகளுக்கு மட்டமான தயாரிப்பு காரணமா, விமானிகளின் அசட்டுத் துணிச்சலா, உள்ளுக்குள்ளேயே நடந்த சதியா?

சதியை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். சதி என்று உறுதியாக நிரூபணமான பெரிய விபத்து எதுவும் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. மற்ற இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் அவை அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இருந்தவை. விமானம் விழுந்த மறுநாள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சோவியத் தனித்து நிற்கிறது என்பது என் கருத்து.

ஆரம்பத்திலிருந்து வருவோம். நிகோலாய் பொலிகார்ப்போவ் வடிவமைத்த ஐஎல்-400 என்ற போர் விமானத்தின் வெள்ளோட்டம் 1923 ஆகஸ்ட் 15. ஓட்டியவர் கான்ஸ்டான்டின் அர்த்சேயுலோவ். 1916லேயே வேண்டுமென்றே விமானத்தைச் சுழல விட்டு மீட்டுக் காட்டிய கெட்டிக்காரர். தரையை விட்டதும் விமானம் மூக்கைத் தூக்கியது. கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு முன்னால் தள்ளியும் இறங்கவில்லை. இருபது மீட்டர் உயரம் போய், வேகம் செத்து, தொப்பென்று விழுந்தது. அர்த்சேயுலோவ் கை கால் முறிவோடு பிழைத்தார். எடையின் மையம் இறக்கையின் அகலத்தில் பாதிக்கும் பின்னால் இருந்ததுதான் காரணம். மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தினார்கள். திருத்தியும் முழுதாகச் சரியாகவில்லை. அதன் வாரிசான ஐ-1, சுழலில் மாட்டினால் வெளியே வர மறுத்தது. 1927 ஜூன் 23 அன்று அப்படி மாட்டிய மிகயீல் குரோமோவ் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். சோவியத்தில் பாராசூட்டால் உயிர் பிழைத்த முதல் விமானி அவர்தான்.

இவையெல்லாம் விமானக் கலையின் பிஞ்சுப் பருவத்துக் கோளாறுகள். இங்கே தப்பு நடந்தது, அளந்தார்கள், திருத்தினார்கள். யாரையும் சிறையில் போடவில்லை. இந்த நிலைமை நீடிக்கவில்லை.

1925 மார்ச் 22 அன்று திபிலிசி அருகே ஒரு யுங்கர்ஸ் எஃப்-13 தீப்பிடித்து விழுந்தது. உள்ளே இருந்த மியாஸ்னிகோவ், மகிலெவ்ஸ்கி, அதார்பேக்கோவ் மூவருமே காக்கசஸ் பகுதியின் பெரிய கட்சித் தலைகள். இரண்டு விமானிகளும் இறந்தார்கள். ஏன் தீப்பிடித்தது என்று முடிவாகவில்லை. முடிவாகாத இடத்தில் வதந்தி முளைத்தது. பின்னாளில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவரான லவ்ரேந்தி பேரியாவின் பெயர் இன்றுவரை இதில் அடிபடுகிறது. துணி, மரம், பெட்ரோல், சூடான இன்ஜின் நாலும் ஒன்றாகப் பறந்த காலத்தில் விமானம் எரிவதற்குச் சதிகாரன் தேவையில்லை. எஃப்-13 உலோக விமானம் என்பது வேறு விஷயம், பெட்ரோலுக்கு அது தெரியாது.

1933ல் இரண்டு அடி. செப்டம்பர் 5 அன்று மாஸ்கோவுக்குத் தெற்கே பதோல்ஸ்க் அருகே ஒரு ஏஎன்டி-7 விழுந்ததில் பியோதர் பரானோவ் இறந்தார். விமானப்படைக்குத் தலைவராக இருந்து, பிறகு விமானத் தொழில் முழுவதையும் கவனித்தவர். சிவில் விமானத் துறையின் தலைவர் கோல்ட்ஸ்மனும் கூடவே போனார். மோசமான வானிலையில், புறப்பட்டிருக்கவே கூடாத பயணம் அது. ஆனால் பயணிகளே துறையின் முதலாளிகள். "ஐயா, இன்றைக்கு வேண்டாம்" என்று எந்த விமானி சொல்வான்? அதன் பிறகு பெரிய தலைவர்கள் விமானத்தில் போகக் கூடாது என்று கட்சித் தலைமை தடை போட்டது. ஸ்டாலினே 1943ல் தெஹ்ரான் மாநாட்டுக்காகத்தான் விமானம் ஏறினார்.

அதே ஆண்டு நவம்பர் 21 அன்று கார்கிவில் கலீனின் வடிவமைத்த கே-7 விழுந்து 15 பேர் செத்தார்கள். ஏழு இன்ஜின், 53 மீட்டர் இறக்கை. குறிப்பிட்ட வேகத்தில் வால் தாங்கிகள் அதிரத் தொடங்கும் என்று முதல் பறப்புகளிலேயே தெரிந்திருந்தது. கூடுதல் எஃகு வைத்து வலுவாக்கினார்கள். அதிர்வு விஷயத்தில் வலுவாக்குவது எப்போதும் மருந்தாகாது. எந்த வேகத்தில் எது எதோடு ஒத்திசைந்து ஆடுகிறது என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு அன்று உலகத்திலேயே அரைகுறை. தாங்கி முறிந்தது. கலீனின் 1938ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி எல்லாருக்கும் தெரிந்த 'மக்சீம் கோர்க்கி' விமானம். துப்போலெவ் குழு கட்டிய ஏஎன்டி-20. எட்டு இன்ஜின், 63 மீட்டர் இறக்கை, உள்ளே அச்சகம், திரைப்படக் கருவி, கீழே இருப்பவர்களுக்குக் கேட்க ஒலிபெருக்கி. ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்யவே கட்டியது. 1935 மே 18, விமானத்தைக் கட்டிய நிறுவனத்து ஊழியர்களையும் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு மாஸ்கோ மேலே ஒரு சுற்று. பெரியதன் பெருமை தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் சின்னது இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக நிகோலாய் பிளாகின் ஓட்டிய ஐ-5 போர் விமானத்தைத் துணைக்கு அனுப்பினார்கள். இன்னொரு விமானத்தில் கேமராக்காரர். பிளாகின் பெரிய விமானத்தை ஒட்டிக் குட்டிக்கரணம் அடிக்கப் போய், மேலே முடிக்காமல் நேராக அதன் இறக்கையில் விழுந்தார். இரண்டும் சோகோல் குடியிருப்பில் சிதறின. குழந்தைகள் உட்பட 45க்கு மேற்பட்டோர் பலி.

அரசுச் செய்தி பிளாகினின் பெயரைச் சொல்லிப் பழி போட்டது. தடை இருந்தும் சாகசம் செய்தான், அவ்வளவுதான். படமெடுக்க ஆள் அனுப்பியது யார், அவ்வளவு நெருக்கத்தில் சண்டை விமானத்தைப் பறக்கவிட்டது யார், என்ன வித்தை காட்டச் சொன்னார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தச் செய்தியில் இடமில்லை. பிளாகின் செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை என்பது எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது.

அந்த ஐ-5 பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். 1929ல் பொலிகார்ப்போவைக் கைது செய்தார்கள். சிறைக்குள்ளேயே வரைபலகை போட்டுக் கொடுத்து வேலை வாங்கினார்கள். அவரும் இன்னொரு கைதி வடிவமைப்பாளரான கிரிகரோவிச்சும் சேர்ந்து அங்கே உருவாக்கிய விமானம்தான் ஐ-5. நல்ல விமானம். விடுதலைக்கும் அதுவே வழி ஆனது.

விழாவுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இன்னொரு பக்கம். 1934 ஜனவரியில் கட்சியின் 17வது மாநாடு நடந்துகொண்டிருந்தபோது ஒசோவியாகிம்-1 என்ற பலூனை நடுக்குளிர்காலத்தில் மேலே விட்டார்கள். 22 கிலோமீட்டர் உயரம், உலக சாதனை. இறங்கும்போது வாயுவும் போதவில்லை, எறிவதற்கு எடை மூட்டையும் போதவில்லை. வேகம் கூடிக் கயிறுகள் அறுந்து கூண்டு தனியே விழுந்தது. கூண்டுக்குள் இருந்த மூவரும் இறந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் ஸ்டாலினும் தோள் கொடுத்தார்.

சோவியத்தில் மட்டும்தான் இந்த அவசரமா என்றால் இல்லை. 1930 அக்டோபரில் பிரிட்டனின் ஆர்-101 ஆகாயக் கப்பல் பிரான்சில் விழுந்து 48 பேர் எரிந்துபோனார்கள். கராச்சிக்குக் கிளம்பிய கப்பல் அது. விமானத் துறை அமைச்சர் தாம்சன் பிரபு இந்தியா போய்விட்டு லண்டனில் நடக்கும் பேரரசு மாநாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று துடித்தார். சோதனைகள் முடியாமலே கிளப்பினார்கள், அமைச்சரும் போய்ச் சேர்ந்தார். ஆனால் பிறகு வெளிப்படையாக விசாரணை நடந்தது, அறிக்கை அச்சாகி வந்தது, வேறு நாட்டுப் பொறியாளனும் வாங்கிப் படிக்க முடிந்தது. வித்தியாசம் அங்கேதான்.

விமானி வலேரி சக்கலோவுக்கு வருகிறேன். எங்கள் தலைமுறைக்கு இந்தப் பெயர் புதிதில்லை. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் நாங்கள். அந்தப் படங்களில் வீரர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் விழுந்ததாக நினைவில்லை. இந்தச் சக்கலோவ் இளமையில் வான்வெளிப் போக்கிரித்தனத்துக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். 1937ல் வட துருவத்தைத் தாண்டி அமெரிக்காவில் இறங்கி நாட்டின் செல்லப் பிள்ளை ஆனார். பிளாகினும் அவரும் ஒரே மண்ணில் செய்த பானைகள்தான். ஒருவருக்கு விழுந்தது பழி, இன்னொருவருக்கு மாலை.

1938 டிசம்பரில் அவர் கையில் கொடுத்தது பொலிகார்ப்போவின் புதிய ஐ-180. ஆண்டு முடிவதற்குள் பறந்தாக வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. கடைசிப் பொருத்துதலில் 190 குறைகள் எழுதப்பட்டன. இன்ஜின் புதிய எம்-88, காற்றால் குளிரும் வகை. அதன் முன்னால், குளிர்காற்றைத் தேவைக்கேற்ப மறைக்கும் ஷட்டர்கள் இருந்திருக்க வேண்டும், இல்லை. டிசம்பர் 15, வெப்பநிலை பூஜ்யத்துக்கு 25 டிகிரி கீழே.

அந்தக் குளிரில் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தரையிறங்க வரும்போது விமானி எரிபொருளைக் குறைப்பார். இன்ஜின் கொஞ்சமாக எரியும், ஆனால் எதிர்க்காற்று அதே வேகத்தில் சிலிண்டர்களை உறைய வைக்கும். பிறகு வேகம் வேண்டுமென்று திராட்டிலைத் தள்ளினால் இன்ஜின் பிடிக்காது, நின்றுவிடும். சக்கலோவுக்கு அதுதான் நடந்தது. முதல் பறப்பு, விமானத்தளத்தை ஒட்டியே சுற்ற வேண்டும் என்பது உத்தரவு. அவர் இரண்டாவது சுற்றை அகலமாகவும் உயரமாகவும் போட்டார். தளத்துக்கு மேலே இருந்திருந்தால் இன்ஜின் இல்லாமலே சறுக்கி இறங்கியிருப்பார். எட்டாத தூரத்தில் நின்றதால், கம்பிகளும் கொட்டகைகளும் இருந்த இடத்தில் விழுந்தார். மருத்துவமனையில் உயிர் போனது. வயது 34.

இதில் பங்கு பிரித்தால் ஷட்டர் இல்லாதது, குளிர், அவசரம், விமானியின் மீறல் நான்குக்கும் பங்கு உண்டு. துணை வடிவமைப்பாளர் தமாஷெவிச்சும் தொழிற்சாலை இயக்குநர் உசாச்சேவும் விமானத் தொழில் அதிகாரி பெல்யாய்க்கினும் கைதானார்கள். தேதி குறித்தவர்கள் மேல் தூசி படவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 1939 செப்டம்பரில், அதே ஐ-180இன் இரண்டாவது மாதிரியில் தோமாஸ் சூசி என்ற சோதனை விமானி செத்தார்.

சொல்லாமல் மறைத்தவையும் உண்டு. அதே 1938ல் 'ரோதினா' விமானத்தில் தூரக் கிழக்குக்குப் பறந்து காட்டில் இறங்கிய மூன்று பெண் விமானிகளின் கதை நாடறிந்தது. அவர்களைத் தேடிப் போன இரண்டு பெரிய விமானங்கள் அக்டோபர் 4 அன்று அந்த இடத்துக்கு மேலேயே மோதி விழுந்தது கொண்டாட்டத்தில் காணாமல் போனது. கூட்டமாக விமானங்கள் ஒரே புள்ளியை வட்டமிடும்போது உயரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது எளிய விதி. நடந்ததே வெளியே தெரியாவிட்டால் அந்த விதியை மற்றவர்கள் எங்கிருந்து கற்பார்கள்?

உச்சம் 1941. படை வேகமாகப் பெருத்தது, புதிய விமானங்கள் குறைகளோடு வந்து இறங்கின, பயிற்சி நேரம் குறைந்தது. ஏப்ரல் 9 தேதியிட்ட தலைமையின் தீர்மானமே ஒப்புக்கொள்கிறது: சராசரியாக நாளுக்கு இரண்டு மூன்று விமானங்கள் நாசம், ஆண்டின் முதல் காலாண்டு முடிவதற்குள்ளேயே 141 பேர் சாவு, 138 விமானங்கள் நொறுக்கம். தீர்மானம் கண்டுபிடித்த காரணம் ஒழுங்கீனம். விமானப்படைத் தலைவர் பாவெல் ரிச்சகோவுக்கு வயது 30. ஒரு கூட்டத்தில், எங்களைச் சவப்பெட்டிகளில் பறக்க விடுகிறீர்கள், விபத்து நடக்கத்தான் செய்யும் என்று ஸ்டாலின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்று அட்மிரல் இசக்கோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பதவி போனது. ஜூனில் கைது, அக்டோபர் 28 அன்று சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி மரியா நெஸ்டெரெங்கோவும் விமானிதான். கணவனின் துரோகம் மனைவிக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று அவரையும் அன்றே கொன்றார்கள்.

என் வாதத்துக்குள் அடங்காத விபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். மக்சீம் கோர்க்கிக்குப் பதிலாகக் கட்டிய பிஎஸ்-124, போர்க்காலத்தில் உஸ்பெக்கிஸ்தானில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. 1942 டிசம்பர் 14 அன்று விமானி தன் இருக்கையை ஒரு பயணிக்கு விட்டுக்கொடுத்தார். அந்த ஆள் எதையோ தட்டிவிட, 500 மீட்டர் உயரத்திலிருந்து விமானம் மூக்குக் குப்புறப் பாய்ந்தது. 36 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இதற்கு ஸ்டாலினும் வேண்டாம், மாநாட்டுத் தேதியும் வேண்டாம். கேள்வியில் உள்ள 'அசட்டுத் துணிச்சல்' என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க நான் தயாராக இருக்கும் ஒரே விபத்து இது.